மேடைக் கல்லும் மாமன் சொல்லும்

செல்போன்ல சமையல் மேடைப் படத்தை விரலால விரிச்சு விரிச்சுக் காட்டுறியே மாப்ளே, அந்த மேடையில அடுப்பு எங்கன இருக்குன்னு கொஞ்சம் காட்டு பாப்போம். இல்லல்ல? ஒரு பூச்சாடி இருக்கு. ஒரு தட்டுல நாலு எலுமிச்சம்பழம் இருக்கு, அதையும் யாரும் புழியப் போறதில்ல. எண்ணெய்த் தூக்கு கிடையாது, மிக்ஸி கிடையாது, குக்கர் விசிலடிச்சுத் துப்புன பருப்புத் தண்ணி கிடையாது. அந்த வீட்டுல ஒருத்தரும் சோறாக்கல. சோறாக்காத வீட்டுக் கல்லைப் பாத்துட்டு, வாரத்துல ரெண்டு நாளு மீன் கொழம்பு வைக்கிற வீட்டுக்காரன் நீ, “எனக்கு லெதர் ஃபினிஷ்தான் மாமா வேணும்”னு ஒத்தக்கால்ல நிக்கிற.

நில்லு. நிக்க வேணாங்கல. ஆனா மாமன் சொல்றதையும் கேட்டுட்டு நில்லு.

எங்கய்யா அம்மி கொத்துனவரு, உனக்குத் தெரியும். நானும் கொஞ்ச காலம் உளி பிடிச்சேன், அப்புறந்தான் மேலூர்ப் பக்கம் குவாரிக்குப் போனது. “அம்மி கொத்தலையோ, ஆட்டுக்கல்லு கொத்தலையோ”ன்னு தெருத் தெருவாச் சத்தம் போட்டுக்கிட்டுப் போவோம். அரைச்சு அரைச்சு அம்மி வழுவழுன்னு ஆயிரும். வழுவழு அம்மியில மிளகா அரைபடாது, கொழவிக்கு முந்தி ஓடும். அதை உளியால புள்ளி புள்ளியாக் கொத்திக் குடுத்தா, பொம்பளைக கையை வெச்சுத் தடவிப் பாத்துட்டுத்தான் கூலியைக் குடுப்பாக. கூலின்னா சில்லறை, கூட ஒரு சொம்பு நீச்சத்தண்ணி. இப்ப அதே கொத்தை மிசினு கொத்துது. புஷ் ஹேமர் ஃபினிஷாம். சதுர அடிக் கணக்குல காசு. எங்கய்யா இன்னைக்கு இருந்தாருன்னா ஒத்தக்கடையில ரெண்டு பிளாட்டு வாங்கிப் போட்டிருப்பாரு.

ஆனா மாப்ளே, அம்மியில இருந்த சொரசொரப்புக்கு ஒரு சோலி இருந்துச்சு. மிளகாயைப் புடிச்சு வைக்கிற சோலி. வாசப்படியில இருக்குற சொரசொரப்புக்கு ஒரு சோலி இருக்கு, காலைப் புடிச்சு வைக்கிறது. உன் சமையல் மேடையில சொரசொரப்புக்கு என்னா சோலி? எதைப் புடிச்சு வைக்கப் போகுது? இதுக்கு மட்டும் பதிலச் சொல்லு, நான் இப்பவே துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டு உன்கூடக் கடைக்கு வாரேன்.

முழிக்காத. கல்லு எப்பிடி மினுக்குதுன்னு மொதல்ல தெரிஞ்சுக்க. கடையில சில பயலுக “இது ஸ்பெஷல் கோட்டிங் சார்”னு சொல்லுவான். பாலிஷுங்கிறது பூச்சு இல்ல, தேய்ப்பு. அறுத்த பாளத்தை மிசினுக்கடியில விட்டு, தண்ணிய ஊத்தி, மொதல்ல முரட்டுக் கல்லு வெச்சுத் தேய்ப்பாக. அப்புறம் அதைவிட நைசு, அப்புறம் அதையும்விட நைசு. கையில புடிச்சுத் தேய்க்கிற வட்டுல பாத்தியன்னா 50, 100, 200, 400ன்னு நம்பர் போட்டு 3000 வரைக்கும் போகும். கடைசியில பஃப் போடுவாக. அம்புட்டுத்தான் மினுமினுப்பு. 400 பக்கத்துல போயி “போதும்ப்பா”ன்னு கையக் கழுவிட்டா அதுக்குப் பேரு ஹோன்ட். அதாவது முக்கால்வாசி வேலையோட நிறுத்துனது. மழையில நனைஞ்ச பாறை கருகருன்னு தெரியுது, காஞ்சா வெளுத்துப் போகுதுல்ல? சொரசொரப்புல பட்ட வெளிச்சம் நாலாப் பக்கமும் சிதறி வெளுப்பாக் காட்டும், தண்ணி குழியை நெரப்புனா நேராத் திரும்பும். பாலிஷ் போட்ட கல்லுல குழியே இல்ல, அதனால அது எந்நேரமும் நனைஞ்ச நெறத்துலயே நிக்கும். காசு குடுத்து நீ வாங்குற கருப்புல பாதி, கல்லுது இல்ல, தேய்ப்போடது.

கருப்பு கிரானைட்டும்பாக. படிச்ச புவியியல்காரங்களைக் கேட்டா அதுல முக்காவாசி கிரானைட்டே இல்ல, டோலரைட்டும்பாங்க. கடைக்காரனுக்கு அதெல்லாம் கவலை இல்ல. அறுத்தா அறுபடணும், தேய்ச்சா மினுக்கணும், அது கிரானைட்டு. பேரு வைக்கிறதுலயும் அவனுக சூரனுக. காஷ்மீர் ஒயிட்டுன்னு ஒண்ணு காட்டுவான். வெள்ளையில செவப்புச் செவப்பாப் புள்ளி, அந்தப் புள்ளி கார்னெட்டு, ராகுவுக்குன்னு மோதிரத்துல போடுற கோமேதகத்துக்குச் சொந்தக்காரக் கல்லு. காஷ்மீருக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. நம்ம மதுரை மாவட்டத்துக் கல்லுய்யா அது! நாங்க இங்கிட்டு வேர்க்க வேர்க்க வெட்டி அனுப்பினது அங்கிட்டுப் போயி பனிமலைப் பேரை வாங்கிக்கிருச்சு. பாரடைசோன்னு ஊதாக் கோடு ஓடுற கல்லு கிருஷ்ணகிரிப் பக்கம். பொன்னுப்பொடி தூவுன கருப்பு, ப்ளாக் கேலக்ஸி, ஆந்திராவுல பிரகாசம் மாவட்டத்துச் சீமகுர்த்தி.

நம்ம பக்கத்துக் கதையத்தான் ஊரே சிரிச்சுச்சே. 2012-ல கலெக்டர் சகாயம் கிரானைட்டு முறைகேட்டைப் பத்தி அனுப்புன அறிக்கை வெளிய வந்த பெறகு குவாரிகளுக்கு வரிசையாப் பூட்டு விழுந்துச்சு. நல்லதுக்குத்தான். வயித்துப்பாட்டுக்கு உளி பிடிச்ச எங்களுக்கும் மலையையே முழுங்குனவுகளுக்கும் ஒரே பூட்டாப் போட்டாகங்கிறது மட்டும் எனக்கு ஒரு சின்ன வருத்தம். விடு. அரிட்டாபட்டி மலை தப்பிச்சுச்சு, 2022-ல பல்லுயிர் பாரம்பரியத் தலம்னு அரசாங்கமே அறிவிச்சிருச்சு. அங்கிட்டுப் போனா அப்பிடியே மாங்குளம் மலையும் ஏறிப் பாரு. சமணச் சாமியாருக படுத்த கல்லுப் படுக்கை இருக்கு, ரெண்டாயிரம் வருசத்துக்கு முந்துனது. கையை வெச்சுத் தடவிப் பாரு. மொகம் தெரியுற மினுமினுப்பும் இல்ல, முதுகக் குத்துற சொரசொரப்பும் இல்ல. படுக்குறதுக்கு எம்புட்டு மட்டம் வேணுமோ அம்புட்டோட உளிய நிறுத்தியிருக்கான். அவன்கிட்ட ஒருத்தரும் போட்டோ காட்டியிருக்க மாட்டாக.

சரி, பாலிஷுக்கு வாரேன். நீ அதுல என்னா கொறை சொல்ற? “கண்ணாடி மாதிரி பளபளன்னு, எல்லாரு வீட்டுலயும் இருக்கு மாமா.” எல்லாரு வீட்டுலயும்தான் சோறும் இருக்கு, அதை விட்டியா? கொறை இருக்கு, நானே சொல்றேன். பாலிஷ் போட்ட கருப்புல ஒண்ணையும் மறைக்க முடியாது. ஜன்னலுக்கு எதுக்கால இருந்தா டியூப்லைட்டும் தெரியும், தென்னமரமும் தெரியும், துடைச்ச கோடும் தெரியும். நம்ம ஒத்தக்கடைத் தண்ணி தெரிஞ்சதுதான், போர்த்தண்ணி. ஒரு சொட்டு காஞ்சா வட்டமா வெள்ளை பூத்து நிக்கும். உங்கம்மா, எந்தங்கச்சி, அதைப் பாத்துட்டு மருமக துடைக்கலைன்னுவா. மருமக தண்ணி அப்பிடின்னுவா. நடுவுல நீ ஆபீஸ் கால் இருக்குன்னு மாடிக்கு ஓடிருவ.

ஆனா அந்த வட்டத்தை ஒரு ஈரத்துணி, கொஞ்சம் பாத்திரம் கழுவுற சோப்பு, இறுகிப் போனா ஒரு பிளேடைப் படுக்க வெச்சு ஒரு இழுப்பு, சோலி முடிஞ்சது. பளபளப்புக்குள்ள ஒளிய இடமே கிடையாது, அதான் அதோட கொறையும் நெறையும். ஆசிட்ட மட்டும் கிட்ட கொண்டுவராத. வெளுப்புக் கல்லுக்குள்ள கொஞ்சம் இரும்புச்சத்து இருக்கும், ஆசிட்டு பட்டா அது துருப்பிடிச்சு மஞ்ச மஞ்சளாக் கக்கும். புளி, எலுமிச்ச எல்லாம் பட்டா கவலை இல்ல. மார்பிளத்தான் அது அரிச்சுத் திங்கும், இதை ஒண்ணும் பண்ணாது. சூட்டுக் குக்கரை எறக்கி வெச்சா கல்லுக்கு ஆகாதான்னு கேப்ப. கல்லுக்கு ஒண்ணும் ஆகாது. வெடிப்பை அடைக்க பாளத்து மேல எபாக்ஸிப் பிசினு ஊத்தியிருப்பாகல்ல, அதுக்கு ஆகும். ஒரு பிரிமணையப் போட்டு வையி, கொறஞ்சா போயிருவ?

ஹோன்ட்டைப் பத்தி நீ கேக்கல, உன் பொண்டாட்டி கேட்டா. கேள்வி கேக்கத் தெரிஞ்ச புள்ள. “மினுங்காம, ஆனா வழுவழுன்னு வேணும் பெரியவரே”ங்குது. தாயி, ஒன்னைய ஒண்ணு கேக்குறேன். கோயில்ல கருவறைச் சாமி ஏன் அட்டக்கருப்பா இருக்கு? எண்ணெய்க் காப்பு. வருசக் கணக்கா எண்ணெயைக் குடிச்சுக் குடிச்சு வந்த நெறம் அது. மண்டபத்துல விளக்குப் போடுற எடத்துக் கல்லைத் தொட்டுப் பாத்துருக்கியா? சோப்புப் போட்டாலும் போகாது அந்தப் பிசுக்கு. கல்லு தண்ணி குடிக்கும், எண்ணெயும் குடிக்கும். பாலிஷ் போட்டா வாயி கொஞ்சம் இறுக்கமா மூடியிருக்கும், ஹோன்ட்டுன்னா கொஞ்சம் தொறந்திருக்கும். வெள்ளைக் கல்லுல ஹோன்ட் போட்டுட்டு அப்பளம் பொரிச்சியன்னா அடுப்பைச் சுத்தி ஒரு கருவட்டம் உக்காந்துக்கும். சாமிக்கு அது அழகு, அடுப்பங்கரைக்கு இல்ல. கருப்புக் கல்லுல ஹோன்ட் போட்டா வேற கூத்து. கருப்பு சாம்பலா வெளுத்துப் போகும், அதுல யாரு வெரலு பட்டாலும் அந்த எடம் மட்டும் கருப்பாத் தெரியும். ராத்திரி பிஸ்கட்டு டப்பாவைத் தேடுனது உன் புருசனா மாமனாரான்னு காலையில கண்டுபிடிச்சுறலாம். அந்த ஒரு வசதி இருக்கு.

சீலர்னு ஒரு தண்ணி இருக்கு, அடிச்சா எண்ணெய் எறங்காம நிக்கும். அதுவும் சாகாவரம் வாங்கிட்டு வரல, தேஞ்சு போகும், திரும்ப அடிக்கணும். அடிக்கணுமா வேணாமான்னு கல்லுகிட்டயே கேளு. ஒரு சொட்டுத் தண்ணிய விட்டுட்டு ஒரு காபித்தண்ணி குடிச்சு முடிக்கிற வரைக்கும் சும்மா இரு. துடைச்சதும் கல்லு நெறம் மாறாம இருந்தா அதுக்குத் தாகம் இல்ல. கருத்துப் போயிருந்தா குடிச்சிருச்சுன்னு அர்த்தம், சீலர் அடி. நல்ல இறுக்கமான கருப்புக் கல்லு, பாலிஷோட இருந்தா, பெரும்பாலும் அந்தச் செலவே இல்ல.

இப்ப ஒன் லெதருக்கு வாரேன் மாப்ளே. மூஞ்சியத் தூக்காத.

அது எப்பிடிச் செய்யுறாகன்னு தெரியுமா? மட்டமாக்குன கல்லு மேல வைரத்துணுக்குப் பதிச்ச பிரஷ்ஷை வெச்சுச் சுத்த விட்டுத் தேய்ப்பாக. கல்லுக்குள்ள இருக்குறது பூராம் ஒரே கெட்டி இல்ல. மோஸ்னு ஒரு ஜெர்மன்காரரு 1812-ல கெட்டிக்குக் கணக்குப் போட்டு வெச்சாரு, 10-ன்னா வைரம். அதுல குவார்ட்ஸுக்கு 7, ஃபெல்ட்ஸ்பாருக்கு 6, மைக்கா 3-ஐத் தாண்டாது. பிரஷ்ஷு தேய்க்கத் தேய்க்க மெத்துனது பள்ளமாகும், கெட்டி மேடாக நிக்கும். தடவிப் பாத்தா ஏத்தமும் எறக்கமுமா நல்லாத்தான் இருக்கு. ஹோன்ட் மாதிரி நெறமும் ரெம்ப வெளுக்கல. வெரலு ரேகை தெரியாது, தண்ணி வட்டம் சட்டுனு தெரியாது. கருப்புக் கல்லுல லெதர் போட்டா அழகுங்கிறத நான் மறுக்கல. நான் என்ன குருடனா?

ஆனா, வட்டம் தெரியாதுங்கிறியே, வட்டம் இல்லைன்னா சொன்னேன்? தெரியாதுன்னுதான சொன்னேன். இருக்கும். பள்ளத்துக்குள்ள பத்திரமா இருக்கும். ராத்திரி தோசை மாவு பொங்கி வழியும், வெயில் காலத்துல வழியாத நாளு உண்டா? காலையில பாத்தா ஒவ்வொரு குழியிலயும் ஒரு துளி காஞ்சு இறுகி உக்காந்திருக்கும். பிளேடு போட முடியாது, மேட்டுலதான் மாட்டும், பள்ளத்துக்கு எறங்காது. நைலான் பிரஷ்ஷை எடுத்துக் குனிஞ்சு தேய்க்கணும். போர்த்தண்ணி உப்பும் அப்பிடித்தான், படிஞ்சு படிஞ்சு கருப்பு மேல சாம்பல் மூட்டம் வந்துரும். அலுமினியச் சட்டிய இழுத்தியன்னா மேடு மேடா வெள்ளிக்கோடு விழும்.

அதைவிடப் பெரிய சங்கதி இருக்கு. உங்கம்மா சப்பாத்தி எங்கன தேய்க்கிறா? கட்டை எங்க போச்சுன்னு அவளுக்கே தெரியாது. மேடையத் துடைச்சு, மாவத் தூவி, நேராக் கல்லுலயே தேய்ச்சுத் தள்ளுறவ அவ. லெதர்ல தேய்க்கச் சொல்லு பாப்போம். சப்பாத்தியில உன் கல்லோட நெளிவு சுளிவு பூராம் அச்சா விழும், எடுக்கையில பாதி மாவு குழியோட தங்கிரும். ராத்திரிக்கு உப்புமாதான்.

மிக்ஸிக்கு அடியில நாலு ரப்பர்க் குமிழு இருக்கே, எதுக்குன்னு எப்பவாவது திருப்பிப் பாத்தியா? மட்டமான கல்லுல உறிஞ்சிப் பிடிக்கிறதுக்கு. பாலிஷ் மேடையில வெச்சா ரெண்டு கையால அசைச்சுத்தான் எடுக்கணும். லெதர்ல காத்துப் போக வழி இருக்கு, ஒட்டாது. தேங்கா அரைக்கப் போட்டா மிக்ஸி பாட்டுக்கு மேடையில கரகம் ஆடிக்கிட்டே ஸிங்க் பக்கம் போகும். நீ வீட்டுலருந்து வேலை பாக்குறேன்னு ஆபீஸ்காரங்ககிட்ட பேசிக்கிட்டு இருக்கையில இதெல்லாம் நடக்கும்.

துடைக்கிறது யாருன்னு கேட்டதுக்கு “ரெண்டு பேரும் சேந்துதான் மாமா”ன்ன பாரு, அதைக் கேட்டு மருமக புள்ளைக்குச் சிரிப்பை அடக்க முடியல. நான் பாத்தேன். ஞாயித்துக்கிழமை ஒரு ஆம்லெட்டப் போட்டுட்டு முட்டை ஓட்டையும் வெங்காயத் தோலையும் மேடையிலயே காணிக்கை வெச்சுட்டுப் போறவன் நீ. கரித்துணி எந்த ஆணியில தொங்குதுன்னு சொல்லு, இப்பச் சொல்லு. தெரியாதுல்ல? பெறகு கல்லுக்கு ஃபினிஷ் பாக்க நீ யாரு?

லெதரு ஆகவே ஆகாதுன்னு சொல்லல. ஹாலுக்கும் அடுப்பங்கரைக்கும் நடுவுல ஒரு திட்டு வெச்சு, உசரமான நாற்காலியப் போட்டு, காபி குடிக்கிறதுக்குன்னு ஒரு மேடை கேட்டியே, அங்கன போடு. அங்க மாவும் வழியாது, மிளகாயும் அரைபடாது. ஒங்க ஆபீஸ் சிநேகிதக்காரங்க வந்தா கையால தடவித் தடவி “வாவ்”னு சொல்லட்டும். உள்ள மேடைக்கு மட்டும் பாலிஷ். ஒரே பாளத்துல பாதிய இப்பிடியும் பாதிய அப்பிடியும் போடச் சொன்னா மொறைப்பான், ரெண்டு பாளம் எடுத்துக்க, ஒரே கல்லு ரெண்டு ஃபினிஷு.

ஓரத்தை மறந்துறாத. பாளத்து முகத்தை மிசினு லெதராக்கிக் குடுத்துரும். விளிம்பை உருட்டுறது வீட்டுல வந்து கைமிசினு வெச்சுத்தான். முகம் ஒரு மாதிரி, விளிம்பு ஒரு மாதிரி, அப்பிடியே பல்லக் காட்டும். விளிம்புக்கும் லெதர் பிரஷ் போடத் தெரியுமான்னு மோல்டிங் போடுற ஆளைக் கேளு, வாயால சொன்னா நம்பாத, ஒரு துண்டுல செஞ்சு காட்டச் சொல்லு. பாலிஷுன்னா அந்தத் தொல்லை இல்ல, ஊரு பூராம் ஆளு இருக்கு. நாளைக்கு ஒரு எடம் மங்கிப் போனாலும் வட்டு மாத்தி மாத்தித் தேய்ச்சுத் திரும்பக் கொண்டாந்துருவான். லெதர்ல ஒரு எடத்துல மட்டும் ஒட்டுப் போட்டா ஒட்டு ஒட்டாத்தான் தெரியும்.

ஃபிளேம் ஃபினிஷும் ஒரு படத்துல காட்டுன. அது மேடைக்கு இல்லடா சாமி! ஆக்சிஜனும் கேஸும் கலந்த தீயை கல்லு மேல ஓட்டுவான். குவார்ட்ஸு 573 டிகிரி செல்சியஸுல பொசுக்குன்னு உப்பும், மேல்தோலு சில்லுச் சில்லாத் தெறிச்சு விழும். ஒல்லிப் பாளம்னா வெடிச்சே போகும், 20 மில்லிமீட்டருக்குக் கொறையாமப் பாப்பாக. அதைக் கொண்டுபோயி வாசப்படிக்குப் போடு, போர்ட்டிகோவுக்குப் போடு, குளிக்கிற எடத்துக்குப் போடு. நீ என்னடான்னா மேடைக்குச் சொரசொரப்பு, படிக்குப் பளபளப்புன்னு தலைகீழாப் பிளான் போட்டு வெச்சுருக்க. மழை நாள்ல பாலிஷ் படியில ஈரக்காலோட எந்தங்கச்சி வழுக்கி விழுந்தா, தாய்மாமனா நான் அன்னைக்கு வேற மாதிரி பேசுவேன்.

கடைக்குப் போனா மூணு காரியம் பண்ணு. பாளத்தைச் சாச்சு வெச்ச நெழல்ல பாக்காத, வெளிச்சத்துக்கு இழுத்துப் போடச் சொல்லு. கருப்புன்னு சொன்னா உடனே நம்பாத, சாம்பல் கல்லுக்குச் சாயம் ஏத்திக் கருப்புன்னு விக்கிறவனும் இருக்கான். மருமக புள்ள நகப்பூச்சு அழிக்க ஒரு தண்ணி வெச்சுருக்கும், அசிட்டோன் போட்டது. வெள்ளைத் துணியில அதை நனைச்சு ஒரு மூலையில தேய். துணியில கருப்பு ஒட்டுச்சுன்னா செருப்பை மாட்டிக்கிட்டு அடுத்த கடைக்கு நடையக் கட்டு. மூணாவது, ஒவ்வொரு ஃபினிஷுலயும் உள்ளங்கை அகலத்துல ஒரு வெட்டுத்துண்டு கேட்டு வாங்கு. கடைக்குப் பின்னாடி மலையாக் கெடக்கும், காசு கேக்க மாட்டான்.

வாங்கியாந்த துண்டை ராத்திரி அடுப்புக்குப் பக்கத்துல வரிசையா வையி. ஒவ்வொண்ணுலயும் ஒரு ஓரத்துல மஞ்சத்தூளை நல்லெண்ணெயில கொழச்சு வையி, ஒரு ஓரத்துல தோசை மாவு, ஒரு ஓரத்துல போர்த்தண்ணி ரெண்டு சொட்டு. மூடாத. காலையில உங்கம்மாவையும் பொண்டாட்டியையும் துடைக்கச் சொல்லாத, நீ துடை. அதே கரித்துணிய வெச்சு, மருமக காட்டுன ஆணியிலருந்து எடுத்துத் துடை. அவுக ரெண்டு பேரும் நாற்காலியப் போட்டு உக்காந்து பாக்கட்டும். எந்தத் துண்டுல நீ ரெம்ப நேரம் மல்லுக்கட்டுறியோ அதைத் தூக்கி வெளிய வெச்சுரு, மாடு கட்டுற எடத்துல போட்டுக்கிறேன். மிச்சத்துல எது வேணும்னு மருமக சொல்லட்டும். அவ லெதர்தான்னு சொன்னா நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன்.

பேச மாட்டேன், காசும் குடுக்க மாட்டேன். கிரகப்பிரவேசத்துக்கு மேடைக் கல்லு தாய்மாமன் சீருன்னு உங்கம்மா என்கிட்டக் கேக்காமலே சாதிசனம் பூராம் சொல்லி வெச்சுட்டா. சரி, செய்யுறேன், எனக்கு இருக்குறது ஒரு தங்கச்சி. ஆனா நான் சொன்னது கருப்புக் கல்லு, பாலிஷ் ஃபினிஷு, உருட்டு விளிம்பு. லெதருக்குச் சதுர அடிக்கு எம்புட்டுக் கூட ஆகுதோ அதை உங்கப்பன்கிட்ட வாங்கிக்க. மச்சான் தருவாரு. தரலைன்னா, போன வருசம் என்கிட்ட வாங்குன வைக்கப்போருக் காசை அதுக்குக் கழிச்சுக்கிறதா சொல்லிப் பாரு, மனுசன் உடனே பாலிஷுதான் நல்லதும்பாரு.

அந்தக் காசுக்காகத்தான் மாமன் இம்புட்டு நேரம் பேசுனாருன்னு நெனைக்காத. நெனைச்சாலும் உங்க அத்தை காபி கொண்டாரா, அவ முன்னாடி சொல்லிறாத.